கார்ல இருந்து வீட்டு சாமான்களுக்கு கரண்ட் எடுக்கிறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

கரண்ட் போயி ரெண்டு மணி நேரம் ஆச்சு, போன்ல 8 சதவீதம்தான் சார்ஜ் இருக்கு, வைஃபை போச்சு, வாசல்ல கார் சும்மா நிக்குது. அதுக்குள்ள ஒரு பேட்டரி இருக்கு, எஞ்சினை ஓட விட்டா கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டரும் இருக்கு, அப்புறம் நாம ஏன் இருட்டுல உக்காந்திருக்கணும்னு யாருக்கும் தோணும். எனக்கும் தோணுச்சு. ஒரு ராத்திரி லைட்டர் சாக்கெட்ல சின்ன இன்வெர்ட்டரை, அதாவது காரோட 12 வோல்ட்டை வீட்டு 230 வோல்ட்டா மாத்துற பெட்டியை, சொருகி ரவுட்டர், ரெண்டு எல்இடி பல்பு, ஒரு டேபிள் ஃபேன் எல்லாத்தையும் எஞ்சின் ஆஃப்லயே ஓட்டிட்டு நிம்மதியா தூங்கிட்டேன். காலையில அவசரமா ஆஸ்பத்திரிக்கு கிளம்பணும், சாவியைத் திருப்பினா டிக் டிக் டிக்னு ரிலே சத்தம் மட்டும்தான் வருது, செல்ஃப் எடுக்கவே இல்ல. அன்னைக்கு பட்ட பதட்டத்துக்கு அப்புறம்தான் இதை உக்காந்து ஒழுங்கா கத்துக்கிட்டேன், அதைத்தான் முதல்ல இருந்து எழுதுறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் தன்னால புரியும். கார்ல நமக்கு கிடைக்கிறது வெறும் 12 வோல்ட். வீட்டு பிளக்ல 230 வோல்ட் வரும், சில நாடுகள்ல 120. அதே அளவு வேலையை 12 வோல்ட்ல செய்யணும்னா ஒயர்ல ஓடுற கரண்டோட அளவு, அதாவது ஆம்ப், பல மடங்கு ஏறிடும். ஒயர் சூடாகுறது, பிளக் உருகுறது, பியூஸ் போறது, பேட்டரி இறங்குறது எல்லாத்துக்கும் காரணம் அந்த ஆம்ப்தான். அதனால கடையில பெட்டி மேல "1000 வாட்"னு போட்டிருக்கிறதைப் பார்த்து மயங்காம, நம்ம காரால எத்தனை ஆம்ப் கொடுக்க முடியும்னு முதல்ல பாருங்க.

கணக்கு ரொம்ப சுலபம். நீங்க ஓட்டப்போற சாமானோட வாட்டை 10-ஆல வகுங்க, வர்றதுதான் பேட்டரியில இருந்து இழுக்கிற ஆம்ப். 12-ஆல ஏன் வகுக்கலேன்னா இன்வெர்ட்டரே 10, 15 சதவீதத்தை சூடாக்கி வீணடிக்கும், அதையும் சேர்த்துதான் 10. அப்போ 100 வாட்டுக்கு 10 ஆம்ப், 300 வாட்டுக்கு 30 ஆம்ப், 1500 வாட் கெட்டிலுக்கு 150 ஆம்ப். செல்ஃப் மோட்டார் சுத்துற அந்த ஒரு ரெண்டு செகண்ட்ல இழுக்கிற கரண்ட் கிட்டத்தட்ட அந்த அளவுதான் இருக்கும், அதையே நிமிஷக்கணக்கா இழுக்கணும்னா எந்த காரும் தாங்காது. ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், இண்டக்ஷன் அடுப்பு, ஹேர் டிரையர்னு சூடு பண்ணுற சாமான் எதுவா இருந்தாலும் இப்பவே லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுங்க.

கார் பேட்டரி எதுக்கு இருக்கு

நிறைய பேர் குழம்புற இடம் இது. கார் பேட்டரியும் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள வேற வேற. கார் பேட்டரியில ஈயத் தகடுகள் மெல்லிசா நிறைய இருக்கும், ஒரே நேரத்துல பெரிய கரண்டை டக்குனு கொடுக்கிறதுக்காக அப்படி செய்யுறாங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ண 150 ஆம்ப் ரெண்டு செகண்ட் ஓடுதுன்னு வச்சுக்கிட்டா மொத்தத்துல 0.1 ஆம்ப் அவர் கூட செலவாகாது (ஒரு ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினா அது ஒரு ஆம்ப் அவர்), ஸ்டார்ட் ஆனதும் ஆல்டர்னேட்டர் அதை சீக்கிரமே திருப்பி ரொப்பிடும். ஆழமா இறங்கி ஏறுறது இதோட வேலையே இல்ல. அடிக்கடி பாதிக்கு கீழ இறக்கினா தகடுல சல்பேட் படிஞ்சு சீக்கிரமே செத்துடும், சில தடவை முழுசா காலி பண்ணினாலே போதும், அப்புறம் பழைய மாதிரி வராது.

சாதாரண கார்ல 45-ல இருந்து 70 ஆம்ப் அவர் வரைக்கும் பேட்டரி இருக்கும். 60-னு வச்சுப்போம், 12-ஆல பெருக்கினா 720 வாட் அவர். கேக்க நிறையதான், ஆனா மறுபடியும் வண்டி ஸ்டார்ட் ஆகணும்னா அதுல கால்வாசிக்கு மேல தொடக்கூடாது, அதாவது 180 வாட் அவர். பேட்டரி பழசுன்னா, இல்ல நல்ல குளிர்னா, அதைவிடவும் கம்மி. என்னோட அந்த ராத்திரி கணக்கை இப்போ போட்டுப் பார்த்தா ரவுட்டர் 10 வாட், பல்பு 18, ஃபேன் 45, இன்வெர்ட்டர் தின்னது ஒரு 12, மொத்தம் 85 வாட், எட்டு மணி நேரத்துக்கு 680 வாட் அவர். பேட்டரி மொத்தத்தையும் உறிஞ்சி எடுத்திருக்கேன், செல்ஃப் எப்படி எடுக்கும்?

இன்வெர்ட்டர்லதான் லோ பேட்டரி கட் ஆஃப் இருக்கே, அது காப்பாத்தாதான்னு கேப்பீங்க. காப்பாத்தாது. பெரும்பாலான சின்ன இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் பக்கத்துலதான் நிக்கும், அந்த நேரத்துல பேட்டரியில ஒண்ணுமே மிச்சம் இருக்காது. அந்த கட் ஆஃப் இன்வெர்ட்டரை காப்பாத்துறதுக்கு இருக்கு, காலையில உங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணுறதுக்கு இல்ல.

முதல் வேலை: லிஸ்ட் போடுங்க

ஒரு பேப்பர் எடுத்து கரண்ட் போனா நிஜமாவே எது வேணும்னு எழுதுங்க, ஆசைப்படுறதை எல்லாம் எழுதாதீங்க. ஒவ்வொரு சாமானோட பின்னாடியும் இல்ல அடாப்டர் மேலயும் வாட் போட்டிருக்கும், வாட் போடாம வோல்ட்டும் ஆம்பும் மட்டும் இருந்தா ரெண்டையும் பெருக்கிக்கோங்க. எல்இடி பல்பு 9 வாட், ரவுட்டர் 6-ல இருந்து 12, போன் சார்ஜர் 10-ல இருந்து 20, லேப்டாப் 45-ல இருந்து 100, 32 இஞ்ச் எல்இடி டிவி 40-ல இருந்து 60, பழைய சீலிங் ஃபேன் 70, 75, பிஎல்டிசி ஃபேன்னா 30 பக்கத்துல. பிரிட்ஜ் ஓடும்போது 100, 150 வாட்தான், ஆனா அதோட கதையே வேற, கீழ தனியா சொல்றேன்.

ஒரே நேரத்துல ஓடப்போறதை மட்டும் கூட்டுங்க. 100 வாட்டுக்குள்ள வந்தா உங்க வேலை ரொம்ப சுலபம், லைட்டர் சாக்கெட்டே போதும். 300 வரைக்கும் வந்தா பேட்டரியில நேரா கனெக்ஷன் கொடுத்து எஞ்சினை ஓட விடணும். 500-ஐத் தாண்டினா சாதாரண காரை இதுக்கு இழுக்காதீங்க, சின்ன ஜெனரேட்டரோ வீட்டு இன்வெர்ட்டரோ பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

இன்வெர்ட்டர் இல்லாம முடியுமான்னு பாருங்க

இதை யாரும் யோசிக்கிறதே இல்ல. லேப்டாப்புக்கு வேணுங்கிறது 19, 20 வோல்ட் டிசி, அதாவது பேட்டரியில வர்ற மாதிரி ஒரே பக்கமா ஓடுற கரண்ட். நாம என்ன பண்ணுறோம், 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் வச்சு 230 ஆக்கி, அதை லேப்டாப் அடாப்டர் மறுபடியும் 20-க்கு இறக்கி, ரெண்டு இடத்துலயும் நஷ்டம். அதுக்கு பதிலா லைட்டர் சாக்கெட்ல சொருகுற யுஎஸ்பி பிடி சார்ஜர் 65 வாட்டோ 100 வாட்டோ நல்லதா ஒண்ணு வாங்கிட்டா போன், டேப்லெட், டைப் சி லேப்டாப் எல்லாமே அதுலயே சார்ஜ் ஆகும், 230 வோல்ட்டே தேவையில்ல, ஷாக் பயமும் இல்ல.

ரவுட்டரும் அப்படித்தான், நிறைய ரவுட்டர் 12 வோல்ட்லதான் ஓடுது, ஆனா "12-க்கு 12 சரியாப்போச்சு"னு நேரா ஒயரை இழுத்துடாதீங்க. எஞ்சின் ஓடும்போது கார்ல 14.4 வோல்ட் வரைக்கும் இருக்கும், ஸ்டார்ட் பண்ணும்போது 9, 10-க்கு விழும், நடுவுல திடீர் எகிறலும் வரும். நடுவுல 12 வோல்ட்டை நிலையா கொடுக்கிற ஒரு டிசி டு டிசி கன்வெர்ட்டர் போடுங்க. அடாப்டர்ல எத்தனை வோல்ட்னு படிச்சிட்டு பிளஸ் மைனஸ் பின் எதுன்னு பார்த்துட்டு செய்யுங்க, சில ரவுட்டர் 9 வோல்ட், சிலது 5 வோல்ட். மூச்சுக்கு வைக்கிற சிபாப் மெஷின் வீட்ல யாருக்காவது இருந்தா அதோட கம்பெனியே கார்ல போடுற டிசி அடாப்டர் விக்கும், அதை மட்டும்தான் வாங்கணும், ஈரப்பதம் கொடுக்கிற ஹீட்டரை ஆஃப் பண்ணினா அது இழுக்கிறது பாதிக்கும் கீழ வந்துடும். ஆனா உயிர் காக்கிற மெஷின் எதையும் காரை மட்டும் நம்பி ஓட்டாதீங்க, டாக்டர்கிட்டயும் மெஷின் கொடுத்தவங்ககிட்டயும் முன்னாடியே பேசி வேற ஏற்பாடு வச்சுக்கோங்க.

இன்வெர்ட்டர் வாங்கும்போது

ரெண்டு ஜாதி இருக்கு, ப்யூர் சைன் வேவ், மாடிஃபைடு சைன் வேவ். பெட்டியில ப்யூர்னு தெளிவா போடலேன்னா அது மாடிஃபைடுதான்னு வச்சுக்கோங்க. வீட்டு கரண்ட் அலை மாதிரி வழுவழுன்னு ஏறி இறங்கும், மாடிஃபைடுல அது படிக்கட்டு மாதிரி குதிச்சு குதிச்சு போகும். எல்இடி பல்பும் லேப்டாப் அடாப்டரும் பெரும்பாலும் கண்டுக்காது, ஆனா ஃபேன் உர்ருனு உறுமும், பிரிட்ஜ் மோட்டார் சூடாகும், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மலிவான சார்ஜர்கள், ஷேவர், எலக்ட்ரிக் டூத்பிரஷ் மாதிரி சாமானோட சார்ஜர் எல்லாம் கருகிப்போக வாய்ப்பு இருக்கு. விலை வித்தியாசம் இருந்தாலும் ப்யூரே வாங்குங்க, 300 வாட் ப்யூர் வாங்குறது 1000 வாட் மாடிஃபைடு வாங்குறதை விட எவ்வளவோ மேல். மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கிற சின்ன கருவி) வச்சு அவுட்புட் பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு, சாதாரண மீட்டர் மாடிஃபைடு அலையில தப்பாத்தான் காட்டும், ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்லதான் சரியான வோல்ட் தெரியும்.

பெட்டியில பெருசா போட்டிருக்கிற நம்பர் பீக்கா, தொடர்ந்து கொடுக்கிறதான்னு பாருங்க. பீக்ங்கிறது ஒரு செகண்டுக்கும் குறைவா தாங்குறது, நமக்கு வேணும்ங்கிறது கன்டினியூவஸ். அதுலயும் முக்கால்வாசிக்கு மேல லோடு ஏத்தாதீங்க. லாரி, பெரிய வேன் சிலதுல 24 வோல்ட் சிஸ்டம் இருக்கும், அதுல 12 வோல்ட் இன்வெர்ட்டரை மாட்டினா அப்பவே போயிடும், அதையும் முன்னாடியே பார்த்துடுங்க.

லைட்டர் சாக்கெட்ல எவ்வளவு எடுக்கலாம்

காரோட பியூஸ் பாக்ஸ் மூடியில பார்த்தா அந்த சாக்கெட்டுக்கு 10, 15 இல்ல 20 ஆம்ப் பியூஸ்னு இருக்கும். பத்து வாட்டுக்கு ஒரு ஆம்ப்ங்கிற நம்ம கணக்குப்படி 10 ஆம்ப் பியூஸ்னா 100 வாட், 15-னா 150 வாட், அதுவும் கரை வரைக்கும் போன கணக்கு. நான் 100-க்கு மேல போகவே மாட்டேன். அந்த சாக்கெட் முதல்ல சிகரெட் பத்த வைக்கத்தான் வந்துச்சு, ஒரு சில செகண்ட் கரண்ட் எடுத்துட்டு விட்டுடுற வேலை. பிளக்கோட நுனியில ஒரு சின்ன பித்தளை குமிழ், பின்னாடி ஸ்பிரிங், அது சாக்கெட்டோட அடியில ஒரு புள்ளியில தொட்டுக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான் கனெக்ஷன். வண்டி அதிர்ந்தா அது லேசா நகரும், தொடுற இடம் கருக்கும், கருத்தா சூடாகும், சூடானா பிளாஸ்டிக் இளகி ஸ்பிரிங் இன்னும் தளரும். ஒரு பத்து நிமிஷம் லோடு ஓட்டிட்டு பிளக்கை வெளிய எடுத்து நுனிக்கு பக்கத்துல கையை வச்சுப் பாருங்க, வெதுவெதுன்னா பரவாயில்ல, கையை வைக்க முடியலேன்னா லோடைக் குறைங்க. எந்த காரணத்துக்காகவும் 15 ஆம்ப் பியூஸை எடுத்துட்டு 30 போடாதீங்க, பியூஸ் காப்பாத்துறது டேஷ்போர்டுக்குள்ள ஓடுற அந்த மெல்லிசு ஒயரை, பெரிய பியூஸ் போட்டா பியூஸுக்கு பதிலா ஒயர் எரியும், அது எரியுற இடம் உங்க கண்ணுக்குத் தெரியாது.

எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது சாவியை ஆன்ல வைக்காம அதுக்கு முன்னாடி இருக்கிற ஏசிசி (ACC) நிலையில வைங்க, ஆன்ல வச்சா காரோட மத்த சாமான்களும் சேர்ந்து பேட்டரியை தின்னும். சில கார்ல சாவியை எடுத்தாலும் சாக்கெட்ல கரண்ட் இருந்துக்கிட்டே இருக்கும், உங்களுது எப்படின்னு ஒரு தடவை சோதிச்சு தெரிஞ்சுக்கோங்க.

பேட்டரியில நேரா கொடுக்கிறது

100 வாட்டுக்கு மேலன்னா இதுதான் வழி, இங்கதான் பொறுமையா செய்யணும். இன்வெர்ட்டரை பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்துல வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்துல வைங்க, வீட்டுக்குள்ள போற நீள ஒயர் 230 வோல்ட் பக்கத்துல இருக்கட்டும். நிறைய பேர் தலைகீழா செய்யுறாங்க, இன்வெர்ட்டர் வீட்டுக்குள்ள, கார்ல இருந்து பத்து மீட்டர் 12 வோல்ட் ஒயர், கடைசியில இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்திட்டு நின்னுடும்.

ஏன்னு ஒரு கணக்கைப் பாருங்க. 300 வாட், அதாவது 30 ஆம்ப், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் ஒன்றரை மீட்டர், போக வர 3 மீட்டர் செம்பு ஒயர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்னா அதோட ரெசிஸ்டன்ஸ் 0.021 ஓம், 30-ஆல பெருக்கினா 0.63 வோல்ட் ஒயர்லயே தொலைஞ்சது, 19 வாட் சூடா மாறுது. அதே இடத்துல 10 சதுர மில்லிமீட்டர் போட்டா 0.16 வோல்ட், 5 வாட்டுக்கும் கம்மி. பேட்டரியில 12.2 இருக்கும்போது அந்த அரை வோல்ட் ரொம்ப பெரிய விஷயம், பேட்டரி நல்லா இருக்கும்போதே இன்வெர்ட்டர் லோ பேட்டரின்னு அலாரம் அடிக்கிறதுக்கு பெரும்பாலும் காரணம் இதுதான். மறுபக்கம் பாருங்க, 230 வோல்ட்ல 300 வாட்னா வெறும் 1.3 ஆம்ப், சாதாரண எக்ஸ்டென்ஷன் ஒயரே இருபது மீட்டர் தாராளமா கொண்டுபோகும்.

அதனால 300 வாட்டுக்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 600 வாட்டுக்கு 16-ல இருந்து 25 வரைக்கும். அலுமினியத்துல செம்பு பூசின ஒயரும் விக்குறாங்க, தடிமனா அழகா இருக்கும், ஆனா அதே தடிமன்ல செம்பு அளவுக்கு கரண்ட் கொண்டுபோகாது. ஒயர் நுனியில லக் (ஓட்டை போட்ட உலோக வளையம்) வச்சு நல்லா நசுக்கி கிரிம்ப் பண்ணி நட்டு போட்டு இறுக்குங்க. முதலைவாய் கிளிப் எப்பவாவது அவசரத்துக்கு 300 வாட் வரைக்கும் ஓகே, அதுக்கு மேல வேணாம்.

பியூஸ் கட்டாயம். பிளஸ் ஒயர்ல, பேட்டரி டெர்மினல்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள. 300 வாட்டுக்கு 40 ஆம்ப், 600-க்கு 80 ஆம்ப். இன்வெர்ட்டருக்கு உள்ளயே பியூஸ் இருக்கேன்னு விடாதீங்க, பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவுல அந்த ஒயர் எங்கயாவது இரும்பு விளிம்புல உரசி தோல் கிழிஞ்சு பாடியில பட்டுதுன்னா பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பை அதுல கொட்டும், ஒயர் செவசெவன்னு பழுத்து பக்கத்துல இருக்கிற எல்லாத்தையும் எரிச்சிடும். அதை நிறுத்துறதுக்கு நடுவுல அந்த ஒரு பியூஸை விட்டா வேற எதுவுமே கிடையாது.

மாட்டுற வரிசை இதுதான். இன்வெர்ட்டர் சுவிட்ச் ஆஃப், அதுல எந்த சாமானும் சொருகியிருக்கக்கூடாது, கார் எஞ்சினும் ஆஃப். கை மோதிரம், கடிகாரம், காப்பு எல்லாம் கழட்டிடுங்க, ஸ்பேனரோ மோதிரமோ ரெண்டு டெர்மினலையும் ஒண்ணா தொட்டா கை வெந்துடும். முதல்ல இன்வெர்ட்டர் பக்கம் ரெண்டு ஒயரையும் மாட்டுங்க, சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், ரெண்டு தடவை பாருங்க, ஏன்னா மாறிப்போச்சுன்னா இன்வெர்ட்டர் அந்த நிமிஷமே செத்துடும், கேரண்டியும் கிடைக்காது. அப்புறம் பேட்டரி பிளஸ். கடைசியா மைனஸ், அதை பேட்டரி மேல மாட்டாம கொஞ்சம் தள்ளி பெயிண்ட் இல்லாத இரும்பு பாடியில இல்ல எஞ்சின்ல இருக்கிற எர்த் போல்ட்ல மாட்டுங்க. இதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. கடைசி ஒயர் தொடும்போது இன்வெர்ட்டருக்கு உள்ள இருக்கிற கெபாசிட்டர் ரொம்புறதால ஒரு பொறி தெறிக்கும், பயந்துடாதீங்க அது சகஜம்தான், ஆனா பேட்டரி பக்கத்துல ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், அங்க பொறி வேணாம். இன்னொண்ணு, புது கார்கள் நிறையதுல மைனஸ் டெர்மினல் மேல ஒரு சென்சார் உக்காந்திருக்கும், பேட்டரியில இருந்து எவ்வளவு போகுது வருதுன்னு அது எண்ணிக்கிட்டே இருக்கும், நேரா டெர்மினல்ல மாட்டினா நீங்க எடுக்கிறது அதோட கணக்குல வராது, கார் பேட்டரி நிலைமையை தப்பா புரிஞ்சுக்கும்.

இன்வெர்ட்டரை பேட்டரி மேலயோ எஞ்சினுக்கு பக்கத்துலயோ வைக்காதீங்க, காத்து வர்ற காய்ஞ்ச இடத்துல ஒரு பலகை மேல வைங்க, மழை படக்கூடாது. லோடை ஆன் பண்ணினதும் இன்வெர்ட்டரோட இன்புட் டெர்மினல்ல மீட்டர் வச்சுப் பாருங்க, அதே நேரத்துல பேட்டரியிலயும் பாருங்க, ரெண்டுக்கும் 0.3 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா எங்கயோ கனெக்ஷன் லூஸ், இல்ல ஒயர் மெல்லிசு.

எஞ்சினை ஓட விட்டா எவ்வளவு கிடைக்கும்

ஆல்டர்னேட்டர் மேல 90 ஆம்ப், 120 ஆம்ப்னு போட்டிருக்கும், அது எஞ்சின் வேகமா சுத்தும்போது. ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காம எஞ்சின் சும்மா ஓடும்போது, அதுல மூணுல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா பாதிதான் வரும். அதுலயும் காரோட பம்ப், கம்ப்யூட்டர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் தன் பங்கை எடுத்துக்கும். மிச்சம் நமக்கு ஒரு 20, 30 ஆம்ப்னு வச்சுக்கோங்க, நான் 300 வாட்னு சொன்னது இதனாலதான். ஹெட்லைட், ஏசி ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க. லோடு ஓடும்போது பேட்டரியில 13.5-க்கு மேல காட்டுச்சுன்னா ஆல்டர்னேட்டர் சமாளிக்குது, 12.6-க்கு கீழ மெல்ல மெல்ல இறங்கிக்கிட்டே போச்சுன்னா எஞ்சின் ஓடினாலும் பேட்டரி காலியாகுதுன்னு அர்த்தம், லோடைக் குறைங்க. ஒரு எச்சரிக்கை, புது கார்ல ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் இருந்தா எரிபொருள் மிச்சம் பண்ண வோல்ட்டை அதுவே 12.5 பக்கம் இறக்கி வைக்கும், அதைப் பார்த்து பயப்பட வேணாம், ஒரு அரை மணி நேரம் தொடர்ந்து கவனிங்க.

சின்ன காரோட எஞ்சின் ஐடில்ல மணிக்கு 0.6-ல இருந்து 1 லிட்டர் வரைக்கும் குடிக்கும். வெறும் போன் சார்ஜ் பண்ண இவ்வளவு எரிக்கிறது எனக்கு மனசுக்கே வராது. அதனால நான் ஓட விடுறப்போ போன், லேப்டாப், பவர் பேங்க், எமர்ஜென்சி லைட்னு சார்ஜ் ஏறுற எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட்டு ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டு ஆஃப் பண்ணிடுவேன், மிச்ச நேரம் அந்த சாமான்களே ஓடிக்கட்டும்.

இப்போ எல்லாத்தையும் விட முக்கியமானது. மூடின இடத்துல எஞ்சினை ஓட விடாதீங்க. ஷெட்டோட கதவு திறந்திருந்தாலும் வேணாம். புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, தலைவலி, மயக்கம்னு ஆரம்பிச்சு தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும், பக்கத்துல இருக்கிற ரூம் வரைக்கும் போகும். காரை வெளிய, சைலன்சர் முனை வீட்டு ஜன்னலையும் கதவையும் பார்க்காம வேற பக்கம் திரும்பி இருக்கிற மாதிரி நிறுத்துங்க, ஒயர் உள்ள வர்ற ஜன்னல் இடுக்கை துணி வச்சு அடைங்க. அடியில காய்ஞ்ச புல்லு, சருகு இருந்தா அங்க நிறுத்தாதீங்க, சைலன்சர் சூட்டுல பத்திக்கும். காருக்குள்ள குழந்தைங்க தூங்கட்டும்னு விட்டுட்டு எஞ்சினை ஓட்டாதீங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரல்லயோ பார்க்லயோ வச்சு, யாராவது பெரியவங்க பக்கத்துல இருங்க. சில ஊர்கள்ல நிறுத்தின வண்டியை ரொம்ப நேரம் ஓட விடுறதுக்கே சட்டத்துல தடை இருக்கு, அதையும் விசாரிச்சுக்கோங்க.

வீட்டு லைனோட சேர்க்காதீங்க

ரெண்டு பக்கமும் ஆண் பின் இருக்கிற ஒயர் செஞ்சு சுவத்து சாக்கெட்ல சொருகி மொத்த வீட்டுக்கும் கரண்ட் கொடுக்கலாம்னு யாராவது யோசனை சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. உங்க கரண்ட் தெரு லைனுக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மர் வழியா திரும்பி ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாறும், கம்பத்துல வேலை செய்யுற லைன்மேன் செத்துடுவார். சாக்கெட்ல இருந்து கழண்டு வெளிய இருக்கிற அந்த பின்னை யாராவது தொட்டா அவங்களும். மெயின் கரண்ட் திரும்பி வந்தா இன்வெர்ட்டரும் வெடிக்கும். இன்வெர்ட்டர்ல இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதுல நேரா சாமான், அவ்வளவுதான். உங்க வீட்டு போர்டுல இருக்கிற எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இந்த தனி லைனுக்கு காவல் இல்ல, அதனால ஈரக் கையோட தொடாதீங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை தரையில தண்ணி படுற இடத்துல போடாதீங்க.

பிரிட்ஜ்

பிரிட்ஜ் ஓடும்போது 120 வாட்தான், 300 வாட் இன்வெர்ட்டர் போதுமேன்னு வாங்கி ஏமாந்தவங்க நிறைய. கம்ப்ரஸர் கிளம்புற அந்த ஒரு நொடியில ஓடுறதைப் போல மூணுல இருந்து ஏழு மடங்கு வரைக்கும் இழுக்கும், இன்வெர்ட்டர் ஓவர்லோடுன்னு கட் ஆகும், மறுபடி முயற்சி பண்ணும், மறுபடி கட், அப்படி விட்டா கம்ப்ரஸரே கெட்டுப்போகும். பழைய மாடலுக்கு 800, 1000 வாட் ப்யூர் சைன் வேணும், இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் (வேகத்தைத் தானா கூட்டிக் குறைக்கிற மோட்டார், நம்ம பெட்டி இல்ல) இருக்கிற புது பிரிட்ஜ் மெதுவா கிளம்பும், அதுக்கு குறைவாவே போதும். 1000 வாட் இன்வெர்ட்டர் போட்டாலும் ஓடும்போது இழுக்கிறது 12, 15 ஆம்ப்தான், ஆல்டர்னேட்டர் தாங்கும், ஆனா ஒயரும் பியூஸும் அந்த கிளம்புற கரண்டுக்கு ஏத்த தடிமன்ல இருக்கணும்.

நாள் முழுக்க ஓட்டவும் தேவையில்ல. கதவைத் திறக்காம விட்டா பிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும், நல்லா ரொம்பின ஃப்ரீசர் ரெண்டு நாள் வரைக்கும் தாங்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எஞ்சினை ஒரு முக்கால் மணி நேரம் ஓட விட்டு பிரிட்ஜோட சேர்த்து சார்ஜ் வேலைகளையும் முடிச்சா போதும். இன்சுலின் மாதிரி மருந்து உள்ள இருந்தா ஒரு தெர்மாமீட்டர் வச்சுக்கோங்க, 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கான்னு ஊகிக்காம பார்த்தே தெரிஞ்சுக்கலாம்.

ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார் வச்சிருக்கீங்களா

உங்க நிலைமை எங்களை விட நல்லா இருக்கு. ஹைப்ரிட்ல 12 வோல்ட் பேட்டரி குட்டிதான், ஆனா ரெடி மோடுல, அதாவது ஓட்டத் தயாரா ஆன் ஆன நிலையில, வண்டி இருந்தா பெரிய பேட்டரியில இருந்து அது ரொம்பிக்கிட்டே இருக்கும், தேவைப்படும்போது மட்டும் எஞ்சின் தானா கிளம்பி தானா நிக்கும், அதனால எரிபொருள் மிச்சம். தானா கிளம்பும்ங்கிறதாலயே மூடின இடத்துல வைக்கக்கூடாதுங்கிறது இதுக்கும் பொருந்தும். புது எலக்ட்ரிக் கார்கள் சிலதுல வி2எல்னு ஒரு வசதி இருக்கு, ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 மாதிரி வண்டிகள்ல ஒரு அடாப்டரை மாட்டினா 3.6 கிலோவாட் வரைக்கும் நேரா வீட்டு பிளக் மாதிரியே எடுக்கலாம், கெட்டில் கூட ஓடும். ஜப்பான்ல நிசான் 2012-லயே லீஃப் காரை வீட்டு போர்டோட இணைக்கிற பெட்டியை கொண்டுவந்துடுச்சு. ஆனா ஆரஞ்சு நிறத்துல ஓடுற ஒயர்கள்ல மட்டும் நாமளா கை வைக்கவே கூடாது, அது நூத்துக்கணக்கான வோல்ட் டிசி, தொட்டா ஆள் மிஞ்ச மாட்டாங்க.

அடிக்கடி கரண்ட் போற இடத்துல இருக்கிறவங்க, கார்லயே தங்கி ஊர் சுத்துறவங்க ரெண்டாவதா ஒரு பேட்டரி வைக்கிறது நல்லது. 100 ஆம்ப் அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரின்னா 1280 வாட் அவர், அதுல முக்கால்வாசிக்கு மேல தாராளமா எடுக்கலாம், காரோட பேட்டரி தொடப்படாமலே இருக்கும். ஆனா அதை ஆல்டர்னேட்டரோட நேரா சேர்த்தா அது அளவில்லாம கரண்டை இழுத்து ஆல்டர்னேட்டரையே எரிச்சிடும், நடுவுல 20 இல்ல 30 ஆம்ப் டிசி டு டிசி சார்ஜர் வைங்க.

முடிக்கும்போது

முதல்ல சாமான்களை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் இன்வெர்ட்டர், அது ஃபேன் நிக்குற வரைக்கும் கொஞ்சம் ஆறட்டும். எஞ்சினை உடனே ஆஃப் பண்ணாம லோடு இல்லாம ஒரு பத்து நிமிஷம் ஓட விட்டு அப்புறம் நிறுத்துங்க. கழட்டும்போது பாடியில மாட்டின மைனஸ் முதல்ல, பிளஸ் அப்புறம். இன்வெர்ட்டரை மாட்டியபடியே விட்டுட்டு போகாதீங்க, சுவிட்ச் ஆன்ல இருந்தா லோடே இல்லாட்டியும் 5, 10 வாட் குடிச்சுக்கிட்டே இருக்கும், நாலஞ்சு நாள்ல பேட்டரியை காலி பண்ணிடும்.

மூணு நாலு மணி நேரம் கழிச்சு, இல்ல மறுநாள் காலையில வண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி, பேட்டரி டெர்மினல்ல மீட்டரை வைங்க. 12.6-க்கு மேலன்னா முழு சார்ஜ், 12.4-னா முக்கால், 12.2-னா பாதி, 12.0-னா கால்வாசிதான் மிச்சம். 12.4-க்கு கீழ இருந்தா அன்னைக்கே ஒரு மணி நேரமாவது ரோட்டுல ஓட்டுங்க, இல்லேன்னா மெயின் சார்ஜர் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க, ஐடில்ல பத்து நிமிஷம் விட்டா ரொம்பாது. நான் மீட்டரை காரோட க்ளவ் பாக்ஸ்லயே வச்சிருக்கேன், பக்கத்துல ஒரு சின்ன நோட்டு, எவ்வளவு நேரம் எத்தனை வாட் ஓட்டினேன், காலையில எத்தனை வோல்ட் காட்டுச்சுன்னு அதுல எழுதி வைக்கிறேன். நாலஞ்சு தடவை எழுதினதுமே என் பேட்டரி எவ்வளவு தாங்கும்னு எனக்கு பிடிபட்டுடுச்சு: எஞ்சின் ஆஃப்ல ரவுட்டரும் ரெண்டு பல்பும் மூணு மணி நேரம், அதுக்கப்புறம் அலாரம் வச்சு எழுந்து ஆஃப் பண்ணிடுவேன்.